மாரண்டஹள்ளி தாண்டி நின்றுபோன எங்கள் செடான்

தை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, ஓசூரிலிருந்து தருமபுரிக்கு எங்கள் பழைய செடான் காரில் கிளம்பினோம். நானும் என் கணவர் மாதேஷும் மட்டும். ஊர் சுற்றுவது அதில் பாதிக் காரணம்தான். மாதேஷ் பதினோரு வருடமாக ஒரு கல்லூரியில் ஒப்பந்த முறையில் ஆய்வக உதவியாளராக இருக்கிறார். நிரந்தர வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறி, தருமபுரியில் நடக்கும் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்திருந்தது. காலை பத்து மணிக்கு ஆஜராக வேண்டும். பத்தரைக்கு மேல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அசல் சான்றிதழ் கொண்டுவராதவர்களுக்கு வேறு நாள் தரப்படாது என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. இன்னொரு அழைப்புக்கு வயது வரம்பு இடம் கொடுக்காது.

சரிபார்ப்பு முடிந்ததும் தருமபுரியில் ஒரு நாள் தங்கி, மறுநாள் ஒகேனக்கல் போய்வரலாம் என்பது திட்டம். ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி என்று போகும் வழி என் வீட்டு வாசலிலிருந்து 78 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி வழியாகப் பெரிய சாலையிலும் போகலாம். லாரிக் கூட்டம் பிடிக்காது என்பதால் நான் எப்போதும் ராயக்கோட்டை வழிதான்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவைப் படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் "பழைய செடானை நம்பி வெளியூர் போகலாமா?" என்று கேட்கிறவர்கள். பெட்ரோல் வண்டி, ஒன்பது வயது, அன்று காலை மீட்டரில் 1,12,400 கிலோமீட்டர். அதற்கு மூன்று வயதானபோது செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இதுவரை கொடுத்த தொந்தரவுகள்: அறுபதாயிரத்தில் முன்பக்கம் லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்து, வேகத்தடை ஏறும்போதெல்லாம் கடகடவென்று சத்தம். எண்பத்தைந்தாயிரத்தில் கிளட்ச். இடது பின் கண்ணாடி மோட்டார் இரண்டு முறை. ஏசி புளோயர் ஒரு முறை. எதுவும் நடுவழியில் நிறுத்தியதில்லை. அந்த நம்பிக்கையில் நான் கொஞ்சம் அலட்சியமாகிவிட்டேன் என்பதுதான் உண்மை.

மூன்று வாரமாக வண்டி நிற்கும் இடத்தில் காலையில் தரையில் ஈரம் இருந்தது. ஏசித் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். (பனிக்காலத்தில் ஏசியே போடாதவளுக்கு ஏசித் தண்ணீர் எங்கிருந்து வரும்? அதை யோசிக்கவில்லை.) எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் இருக்கும் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வந்தது. கூலண்ட் வாங்கச் சோம்பல்பட்டு, மூன்று தடவை மோட்டார் போட்டு வரும் போர் தண்ணீரையே ஊற்றினேன். மாதேஷ் ஒருநாள், "அது என்ன தினமும் ஊத்தறே?" என்று கேட்டார். "வெயில் வரதுக்குள்ள மெக்கானிக்கிட்ட காமிச்சிக்கலாங்க" என்றேன்.

காலை 6.30-க்குக் கிளம்பினோம். அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு நீல ரெக்சின் பையில் போட்டு, கசங்காமல் இருக்கட்டும் என்று டிக்கியில் நானே வைத்தேன். அழைப்புக் கடிதமும் நகல்களும் மட்டும் அவர் கையில் ஒரு ஃபைலில். 7.25-க்கு ராயக்கோட்டை. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் இட்லியும் டீயும், இருவருக்கும் சேர்த்து 110 ரூபாய். மாதேஷ் இரண்டு இட்லிக்கு மேல் தொடவில்லை. 7.45-க்கு மறுபடி வண்டியை எடுத்தோம்.

சாலையில் பனி இறங்கியிருந்தது. கண்ணாடியில் ஆவி படிந்ததால் ஏசியைப் போட்டேன். மாரண்டஹள்ளி தாண்டி இரண்டு கிலோமீட்டர் இருக்கும், ஏசியிலிருந்து சூடான காற்று வர ஆரம்பித்தது. சரி, இதுவும் போச்சா என்று நினைத்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். எப்போதும் நடுவில் நிற்கும் வெப்ப முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. உடனே இடது பக்கம் ஒதுக்கி, எஞ்சினை அணைத்தேன். மணி 8.04. பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை. புகை இல்லை, ஆவி. ஆனால் அந்த நேரத்தில் வித்தியாசம் யாருக்குத் தெரிகிறது?

மாதேஷ் இறங்கிப் பானெட்டைத் திறந்து, கர்ச்சீஃபைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கைவைக்கப் போனார். "தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில், எதிரே தக்காளித் தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். எங்கள் தெருவில் ஒருவருக்குக் கழுத்தெல்லாம் வெந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

கூலண்ட் டப்பா காலி. எஞ்சினுக்குப் பக்கவாட்டில் எங்கிருந்தோ சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. பாலக்கோட்டுக்கு இன்னும் 10 கிலோமீட்டர், தருமபுரிக்கு 32. மாதேஷ் என்னைத் திட்டவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன பேருந்து ஒன்று நிற்கவில்லை, படியில் தொங்கிக்கொண்டு போனது கூட்டம். 8.20-க்கு ஒரு பிக்கப் வண்டி, பின்னால் முழுக்கத் தக்காளிக் கிரேடுப் பெட்டிகள், தானாகவே ஓரம் கட்டி நின்றது. ஓட்டியவருக்கு முப்பது வயது இருக்கும். பக்கத்தில் தக்காளிக்குச் சொந்தக்காரம்மா, தலையில் துண்டு கட்டியபடி.

"என்னாச்சுங்க? ஈட்டாயிருச்சா?" என்றார் ஓட்டியவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிப்பதற்குள் அந்தம்மா முந்திக்கொண்டார்.

"சாரு மொதல்ல ஏறட்டும். வேலக்கிப் போற காயிதம்னா சும்மாவா? நான் நவுந்து உக்காந்துக்கறன். மண்டி எங்கயும் ஓடிப் போயிராது."

"பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுல உட்டுர்றன் சார்," என்றார் ஓட்டுநர். "அங்கிருந்து தருமபுரிக்குப் பத்து நிமிசத்துக்கு ஒரு வண்டி. ஒம்பதே முக்காலுக்கெல்லாம் போயிருவீங்க." பிறகு என்னிடம், "மேடம், முனிராஜுன்னு எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கு. பாலக்கோட்டுலதான் பட்டறை. போன் போடறன், வருவாப்டி. நீங்க வண்டியவுட்டு எங்கியும் போயிராதீங்க" என்றார்.

வெள்ளைச் சட்டையும் இஸ்திரி போட்ட பேண்ட்டுமாக மாதேஷ் அந்த இருவருக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஃபைலை மார்போடு அணைத்திருந்தார். வண்டி கிளம்பியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த நிம்மதி சரியாக அரை மணி நேரம் நீடித்தது.

முனிராஜ் 8.50-க்கு ஒரு மொபெட்டில் வந்தார். முப்பத்தைந்து வயது, கிரீஸ் படிந்த அரைக்கைச் சட்டை. மொபெட்டின் முன்னால் சாமான் பை. வந்ததும் பானெட்டுக்குள் தலையை விட்டார். டார்ச் அடித்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"எத்தன தூரம் ஓட்டுனீங்க மேடம், முள்ளு மேல போனப்புறம்?"

"பார்த்ததும் நிறுத்திட்டேன்."

"அது போதும். வண்டி தப்பிச்சிருக்கும். டிக்கியில கேனு ஏதாச்சும் இருக்குதுங்களா? தண்ணி புடிக்கணும்."

டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், நான் வைத்த இடத்தில், நான் வைத்தபடியே, நீல ரெக்சின் பை.

மாதேஷுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மூன்றாவது முறை எடுத்தார், பின்னால் பேருந்து இரைச்சல்.

"ஏங்க, பை இங்கயே இருக்கு. ஒரிஜினல் எல்லாம் டிக்கியில இருக்கு."

"நான் எறங்கித் திரும்பி வரேன் செல்வி."

"வேணாம். நீங்க திரும்பி வந்தா ரெண்டு பேரும் இங்கயே நிப்போம். நீங்க போய் கேட் வாசல்ல நில்லுங்க. நான் கொண்டு வரேன்."

எப்படி என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது. போனை வைத்துவிட்டு முனிராஜைப் பார்த்தேன். நான் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"மொபெட்டு ஓட்டுவீங்களாக்கா?"

"ஸ்கூட்டி ஓட்டுவேன்."

"அப்ப இது சுலபம், கியர் இல்ல." சாமான் பையை இறக்கிக் கீழே வைத்தார். ஹெல்மெட்டை நீட்டினார். "பெட்ரோலு பாதிக்கு மேல இருக்குது. பின் பிரேக்கு கொஞ்சம் லூசு, முன்னாடியே புடிங்க. காரு சாவியக் குடுத்துட்டுப் போங்க. ஆறுனதும் தண்ணி ஊத்தி, நின்னு நின்னு மெதுவா பட்டறைக்குக் கொண்டாந்துர்றன்."

நான் தயங்கியதைக் கவனித்துவிட்டார். முன்பின் தெரியாத ஆள், கையில் என் கார்ச் சாவி. சிரித்தார்.

"உங்க காரு என்கிட்ட இருக்குது. எங்க வூட்டு வண்டி உங்ககிட்ட இருக்குது. இத வுட்டா எனக்கும் வேற வண்டி கெடையாதுக்கா. கெளம்புங்க."

சாவியைக் கொடுத்தேன். துப்பட்டாவை இறுக்கிக் கட்டி, பையை இரண்டு காலுக்கும் நடுவே நிறுத்தி, 9.10-க்குக் கிளம்பினேன்.

அந்தச் சாலையை எத்தனையோ முறை காரில் போயிருக்கிறேன். மொபெட்டில் அன்றுதான். நாற்பத்தைந்துக்கு மேல் முறுக்கினால் கைப்பிடி நடுங்கியது. எதிரே தக்காளி ஏற்றிய டிராக்டர்கள், பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே முந்தும் பேருந்துகள். பாலக்கோட்டை 9.28-க்குத் தொட்டேன். ஊருக்குள் ஒரு திருப்பத்தில் தக்காளி லாரி ஒன்று பின்னால் வாங்கிக்கொண்டிருந்ததால் எல்லோரும் நின்றோம். பக்கத்தில் பைக்கில் நின்ற ஒருவர் என்னையும் மொபெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது முனிராஜு வண்டிதான? நீங்க யாருங்க?"

சொன்னேன். அவர் நம்பவில்லை. ஊரில் ஒருவருடைய வண்டியை முன்பின் தெரியாத பெண் ஓட்டிக்கொண்டு வந்தால் நானும் நம்பமாட்டேன். "ஒரு நிமிசம் இருங்க" என்று போனை எடுத்தார். லாரி வழிவிட்டுவிட்டது, பின்னால் ஹாரன், இவர் வண்டியைக் குறுக்கே விட்டுக்கொண்டு பேசுகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பேசி முடித்தவர் முகம் மாறிவிட்டது. "அய்யோ, போங்கம்மா, போங்க. ரயில்வே கேட்டுப் பக்கம் போவாதீங்க, சாத்தியிருப்பான். இந்தப் பக்கமா வாங்க" என்று தன் பைக்கை முன்னால் விட்டு, ஊர் எல்லை வரை வழிகாட்டிவிட்டுத் திரும்பினார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

தருமபுரிக்குள் நுழையும்போது 10.09. நான்கு முனைச் சாலை நெரிசலில் எட்டு நிமிடம் போனது. சரிபார்ப்பு நடக்கும் வளாகத்தின் வாசலில் மாதேஷ் சாலை நடுவுக்கே வந்து நின்றுகொண்டிருந்தார். காரைத்தான் தேடிக்கொண்டிருந்தார் போல, மொபெட்டில் வந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "ஏங்க!" என்று கத்தியதும் ஓடிவந்தார். பையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஓடினார். கேட்டில் இருந்த காவலர் கடிதத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டதை என் கண்ணால் பார்த்தேன். மணி 10.21.

எதிரே புங்கமரத்தடியில் மொபெட்டை நிறுத்தி உட்கார்ந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதற்குள்ளேயே கொஞ்ச நேரம் அழுதுகொண்டேன், வெளியே யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி. பிறகு ஒரு இளநீர் குடித்தேன், 50 ரூபாய். அவ்வளவு ருசியான இளநீரை அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் இல்லை.

பதினொன்றரைக்கு முனிராஜ் போன் செய்தார். "அக்கா, பை போய்ச் சேந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். சேர்ந்தது என்றேன். "சந்தோசம். இப்ப வண்டிக்கு வருவம். தெர்மோஸ்டாட்டு உக்காந்திருக்கற பிளாஸ்டிக் கூடு விரிசல் உட்டிருக்குது. அது தருமபுரியிலதான் கெடைக்கும். அங்கதான இருக்கீங்க, கையோட வாங்கிட்டு வந்துருங்க. போட்டோ அனுப்பறன், கடையில காட்டுங்க."

உதிரிபாகக் கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. படத்தைக் காட்டியதும் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். பழைய கார் வாங்க நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: சாலையில் அதிகம் தென்படும் மாடலாக இருந்தால், ஒன்பது வயதிலும் மாவட்டத் தலைநகரிலேயே சாமான் கிடைக்கும். அபூர்வமான வண்டி என்றால் பெங்களூரிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

1.40-க்கு மாதேஷ் வெளியே வந்தார். சட்டையில் தக்காளிச் சாறு பட்ட கறை ஒன்று. "முடிஞ்சுது. எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க" என்றார். பிறகு, "பசிக்குது" என்றார். இரண்டு சாப்பாடு, அவர் மூன்று முறை சாம்பார் வாங்கிக்கொண்டார். ஒரே ஹெல்மெட்தான் இருந்ததால் அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, நான் மொபெட்டில் பாலக்கோடு திரும்பினேன்.

பட்டறையில் முனிராஜ் பழைய கூட்டைக் கழற்றி வைத்திருந்தார். மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அதைவிட அதிர்ச்சி, உள்ளேயிருந்து அவர் வழித்தெடுத்த சேறு. செங்கல் நிறத்தில், கெட்டியாக.

"என்ன தண்ணிக்கா ஊத்துனீங்க?"

"போர் தண்ணி."

"எங்க மாவட்டத்துத் தண்ணி மனுசன் பல்லயே காவியாக்கிரும். ரேடியேட்டர வுடுமா? ஓசூருல மட்டும் என்ன பன்னீரா வருது?" என்றார். மாதேஷ் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

பிளாஸ்டிக் கூடு வயதாகி விரிசல் விடுவது இந்த மாதிரி வண்டிகளில் சகஜம், அதற்கு நான் பொறுப்பில்லை, கூலண்ட் இல்லாமல் மூன்று வாரம் ஓட்டியதற்கு மட்டும்தான் பொறுப்பு என்று முனிராஜ் கணக்குப் பிரித்துச் சொன்னார். முள் ஏறியபின் இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் எஞ்சின் ஹெட் வளைந்திருக்கும், நாற்பதாயிரத்துக்குக் குறையாத செலவு என்றார். கூடு 1,180 ரூபாய், கூலண்ட் 900, கிளிப்புகள் 80, ரேடியேட்டரைச் சுத்தம் செய்த கூலி சேர்த்து 2,200. மொத்தம் 4,360. மொபெட்டுக்கு என்று கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். வரும்போதே டேங்கை நிரப்பிவிட்டேன் என்பதை நான் சொல்லவில்லை.

5.15-க்கு வண்டி தயார். தருமபுரியில் விடுதி அறை 1,400. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒகேனக்கல் கிளம்பினோம், 46 கிலோமீட்டர், பென்னாகரம் தாண்டியதும் மலைப்பாதை. திரும்பி ஏறும்போது முனிராஜ் சொன்னபடி இரண்டாவது கியரிலேயே, ஏசி இல்லாமல். நான் சாலையைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். அது நடுவிலிருந்து அசையவில்லை. அருவியில் தண்ணீர் குறைவு, பரிசலில் கூட்டமும் குறைவு. மீன் வறுவல் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள், ஆறினால் சுவை இல்லை.

உங்களுக்கு உதவக்கூடியவை சில. வண்டிக்கடியில் ஈரம் பார்த்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். ஏசித் தண்ணீர் வெறும் தண்ணீர்தான். கூலண்ட் என்றால் பிசுபிசுக்கும், நிறம் இருக்கும், லேசாக இனிப்பு வாடை வரும். டப்பாவில் அளவு ஒருமுறை குறைந்தால் ஊற்றுங்கள், இரண்டாவது முறை குறைந்தால் மெக்கானிக்கிடம் போங்கள். ஏசி திடீரென்று சூடாக ஊதினால் ஏசியைச் சந்தேகிக்கும் முன் வெப்ப முள்ளைப் பாருங்கள், எஞ்சின் கொதித்தால் வண்டி முதலில் நிறுத்துவது ஏசியைத்தான். முள் ஏறினால் அடுத்த ஊர்வரை தாங்கும் என்று நினைக்காதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். மூடியைத் தொடாதீர்கள். ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே காலை ஒன்பதுக்கு முன் பட்டறைகள் திறந்திருக்காது. முக்கியமான காகிதங்கள் எதுவானாலும், யாருடையதோ, அவர் மடியிலேயே இருக்கட்டும்.

இதன் பிறகு காரை விற்றுவிடு என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். நானும் யோசித்தேன். ஆனால் அந்த வண்டி மூன்று வாரமாக ஒவ்வொரு காலையும் தரையை நனைத்து எனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நம்ப முடியாமல் போனது வண்டி இல்லை. அதனால் புதிதாக இன்னொன்று வாங்கினாலும் அதையும் நான்தானே ஓட்டப்போகிறேன்?

போன வாரம் மாதேஷுக்குப் பணி ஆணை வந்துவிட்டது. தருமபுரி மாவட்டத்திலேயே, பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. ரயில்வே ஸ்டேஷனுக்கு அருகில் மாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை குக்கர், மிக்ஸி, இரண்டு மெத்தை, ஒரு மேசை விசிறி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அங்கே குடிபோகிறோம். மெத்தைகளைக் காரின் மேலே கட்டினால் தாங்குமா என்று மாதேஷ் நேற்றிலிருந்து அளந்துகொண்டிருக்கிறார்.